சூப்பர் பாண்டரோசாவும் ஒரு முள்ளுக்காடும்



போன மாசி அமாவாசைக்கு முந்தின ராத்திரி நாங்க நாலு பேர் ரெண்டு பைக்கில் திருச்சுழி ரோட்டில் போனோம். பால்வீதியைப் படம் எடுக்கணும், அதான் திட்டம். ஒரு கண்மாய்க் கரையில் ட்ரைபாட் போட்டு, விடியற்காலை நாலு மணி வரைக்கும் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தோம். வானம் என்னமோ அருமையாத்தான் இருந்தது. எங்க படம்தான் சரியில்ல. ஃபோகஸ் கொஞ்சம் விலகி, நட்சத்திரம் எல்லாம் ஜவ்வரிசி மாதிரி வந்திருந்தது. விடிஞ்சதும் மூட்டை கட்டும்போது ஒருத்தன் சொன்னான், இந்தக் காஞ்ச ஊர்ல ராத்திரி வானத்தை விட்டா படம் எடுக்க ஒண்ணுமே கிடையாது, அடுத்த லீவுக்கு முதுமலை போயிரலாம்னு. அவன் பேசி முடிக்கிறதுக்குள்ள கருவேலங்காட்டுக்குள்ள இருந்து ஒரு கௌதாரி கத்தினது. கரண்ட் கம்பியில் பனங்காடை ஒண்ணு வந்து உட்கார்ந்தது. நாங்க அதைக் கவனிக்கல. எங்க கேமரா பைக்குள்ள போயாச்சு.

அந்தக் கௌதாரியைக் கவனிச்சிருக்கக்கூடிய ஒரு மனுஷரைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. பேர் மா. கிருஷ்ணன். இந்தியாவில் காட்டுயிர்களைப் படம் எடுத்தவர்களில் முன்னோடி. அவர் இறந்து 30 வருஷம் ஆகுது. இங்கிலீஷ் படிக்கிற இயற்கை ஆர்வலர்களுக்கு அவர் பெரிய ஆள். நம்மில் பாதிப் பேருக்கு அவர் பேரே தெரியாது. எனக்கும் போன வருஷம் வரைக்கும் தெரியாது, அதனால நீங்க கூச்சப்பட வேண்டாம்.

கிருஷ்ணன் பிறந்தது 1912 ஜூன் 30, திருநெல்வேலியில். அப்பா அ. மாதவையா. தமிழ் நாவல் வரலாறு படிச்சவங்களுக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். 1898-ல் வெளிவந்த பத்மாவதி சரித்திரம் அவர் எழுதியது. உப்பு, ஆப்காரி இலாகாவில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், எழுதணும்னு சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கிட்டு மயிலாப்பூரில் வீடு, அச்சுக்கூடம், பஞ்சாமிர்தம் என்ற பத்திரிகை என்று இறங்கினார். எட்டுப் பிள்ளைகள். கடைசிப் பையன் கிருஷ்ணன்.

அன்றைய மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் இல்லை. சுத்துப்பட்டில் முட்புதரும் வெளியும் கிடந்தன. வெளிமானும் நரியும் பார்க்கக் கிடைக்கிற தூரத்தில் இருந்தன. பையன் ஒரு கீரிப்பிள்ளை வளர்த்தான். நம்ம வீட்டில் நாய்க்குட்டி கேட்டாலே என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியும்.

1925-ல் அப்பா போயிட்டார். சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழுக்கு இடம் கொடுக்கணும்னு பேசிவிட்டு உட்கார்ந்தவர், அங்கேயே உயிர் விட்டார். கிருஷ்ணனுக்கு அப்போ 13 வயசு. அதுக்கப்புறம் குடும்பத்தைத் தாங்கினது மூத்தவர்கள். அண்ணன் அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். ஆகி, பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவே இருந்தார். இப்படி ஒரு அண்ணன் இருக்கிற வீட்டில் கடைசித் தம்பியின் நிலைமை எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பக்கத்து வீட்டுப் பையன் ஒப்பீட்டையே நம்மால தாங்க முடியல.

தம்பி மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியர் பி. எஃப். ஃபைசன். நீலகிரி, பழனி மலை உச்சிகளின் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அவர் மலைக்குப் போகும்போது கிருஷ்ணனும் கூடப் போனார். செடியை எப்படிப் பார்க்கணும், எப்படி வரையணும் என்பதை அங்கேதான் பழகினார். பிற்காலத்தில் தன் கட்டுரைகளுக்குத் தானே கோட்டோவியம் போடுகிற அளவுக்குக் கை வந்தது. கவனிங்க, கேமராவுக்கு முன்னாடி பென்சில். ஒரு பறவையை வரையணும்னா அதன் கால் எங்கே மடங்குது, வால் இறகு எந்தப் பக்கம் படிஞ்சிருக்குன்னு பார்த்தே ஆகணும். நாம ஷட்டரை அழுத்திட்டு, அப்புறம் ரூமுக்கு வந்து ஸூம் பண்ணித்தான் அது என்ன பறவைன்னே பார்க்கிறோம்.

படிப்பு முடிஞ்சது. முதுகலை, அதுக்கப்புறம் சட்டம், 1936-ல். வக்கீலா நிலைக்கல. மார்க்கும் அப்படி ஒண்ணும் பிரமாதம் இல்ல. நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் இருந்த காலம் அது. 1937-ல் கல்யாணம், மனைவி இந்துமதி. ஓர் அச்சகத்தில் கொஞ்ச நாள், ஓவியப் பள்ளியில் கொஞ்ச நாள், அகில இந்திய வானொலியில் கொஞ்ச நாள். நடுவில் பத்திரிகைகளுக்கு எழுத்தும் படமும். ரெண்டு டிகிரி வச்சிருந்த ஒருத்தர், முப்பது வயசு வரைக்கும், தான் எந்த வேலைக்குப் பொருத்தம்னு தெரியாமலே சுத்தியிருக்கார். ப்ளேஸ்மென்ட் சீசனில் இதைப் படிக்கிறவங்களுக்காக இந்த வரியை வேணும்னே கொஞ்சம் நீட்டி எழுதினேன்.

1942-ல் ஒரு வேலை கிடைத்தது. இடம் சண்டூர். கர்நாடகத்தில் பெல்லாரிப் பக்கம், இரும்புத்தாது மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன மராத்திய சமஸ்தானம். அங்கே அவர் பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று எல்லா நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்தார். சின்ன சமஸ்தானம்னா அப்படித்தான், ஒரே ஆள் நாலு இலாகா.

ஆனா சண்டூரில் அவருக்குக் கிடைச்ச பெரிய சம்பளம் நேரம்தான். சுத்தியும் முள்ளுக்காடு, பாறை, மேய்ச்சல் வெளி. அவர் ஆடு வளர்த்தார், மேய்த்தும் பார்த்தார். புறா வளர்த்தார். நாள் கணக்கில் நடந்தார். மழை குறைவு, வெயில் அதிகம், பச்சை என்பதே சில மாசம்தான் என்கிற நிலம் அது. நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக்கு அண்ணன் தம்பின்னு சொல்லலாம். மண்ணின் நிறம் வேற, அவ்வளவுதான். கௌதாரி, பனங்காடை, ஆள்காட்டி, செம்போத்து, கீரி, நரி எல்லாம் ரெண்டு பக்கமும் உண்டு. வெளிமானைப் பார்க்கணும்னா நாமளும் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை, தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டில் இன்னமும் இருக்கு. இப்படிப்பட்ட ஒரு வறண்ட பூமியில் ஏழு வருஷம் பார்த்துப் பார்த்துத்தான் அவர் இயற்கையியலாளர் ஆனார். மழைக்காட்டில் இல்லை. எனக்கு இந்தக் கட்டுரை எழுதத் தோணினதே இந்த ஒரு தகவலால்தான்.

அந்த சமஸ்தானத்து இளவரசர் எம். ஒய். கோர்படே பின்னாளில் கர்நாடகத்தின் நிதியமைச்சர் ஆனார். காட்டுயிர் புகைப்படக்காரராகவும் பேர் வாங்கினார். அவரும் கறுப்பு வெள்ளைப் பிரியர்தான். அந்த ஊர்க் காத்தில் ஏதோ இருந்திருக்கணும்.

1949-ல் சண்டூர் இந்தியாவோடு இணைந்தது. சமஸ்தானம் போச்சு, வேலையும் போச்சு. கிருஷ்ணனுக்கு 37 வயசு, குடும்பம் இருக்கு. மெட்ராஸுக்குத் திரும்பினார். இந்த இடத்தில் அவர் எடுத்த முடிவைப் பத்தி நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். இனிமே யாரிடமும் வேலைக்குப் போறதில்லை, எழுதியும் படம் எடுத்தும் பிழைப்பேன் என்று இறங்கிட்டார். 1949-ல் இந்தியாவில் காட்டுயிர் புகைப்படம்னு ஒரு தொழிலே கிடையாது. துப்பாக்கியோடு காட்டுக்குப் போற துரைகளும் ஜமீன்தார்களும் இருந்தாங்க. கேமராவோடு போறது ஒரு வேடிக்கையான பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கை நம்பி ஒருத்தர் வீட்டு அடுப்பை எரிய வைக்கப் பார்த்தார். பணம் பெருசா வரல. வாழ்நாள் முழுக்க எளிமையாகத்தான் இருந்தார். இது தைரியமா, பொறுப்பில்லாத்தனமா? எனக்கு ரெண்டும் தோணுது. உங்க வீட்டில் போய்க் கேட்டால் ரெண்டாவதைத்தான் சொல்வாங்க. அந்த வீட்டுக் கணக்கைச் சமாளிச்ச இந்துமதி அம்மாளைப் பத்தி யாரும் தனியா எழுதினதா நான் பார்க்கல. எழுதியிருக்கணும்.

1950-ல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் ஒரு பத்தி தொடங்கினார். பேர் கன்ட்ரி நோட்புக். ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. அணில், காக்கா, பல்லி, ஆந்தை, யானை, எல்லாம் வந்தது. கல்கத்தாவில் டிராமில் போற ஒரு குமாஸ்தா, தெற்கத்திப் பொட்டலில் கௌதாரி எப்படிக் குஞ்சு காப்பாத்துதுன்னு படிச்சிருப்பார். நம்ம ஊர்க்காரன் படிச்சிருக்க மாட்டான், ஏன்னா அது இங்கிலீஷில், கல்கத்தா பேப்பரில். இது எனக்கு இன்னமும் உறுத்துது. இத்தனைக்கும் அவருக்குத் தமிழ் இலக்கியத்தில் நல்ல பழக்கம். சங்கப் பாட்டில் வர்ற விலங்கும் பறவையும் எது எதுன்னு அடையாளம் காண்றதில் ஆர்வம் உண்டு. தமிழிலும் எழுதினார். காட்டுயிர் என்ற அழகான சொல்லை அந்தக் கட்டுரைகளில் பார்க்கலாம். ஆனா அளவில் இங்கிலீஷ்தான் அதிகம்.

இப்போ கேமரா விஷயத்துக்கு வருவோம். போட்டோகிராபி கிளப்பில் நாம அடிக்கடி கேக்கிற கேள்வி, என்ன பாடி, என்ன லென்ஸ், எவ்வளவு ஆச்சு. கிருஷ்ணனிடம் கேட்டிருந்தால் பதில் சொல்ல நேரம் ஆகியிருக்கும். அவருடைய கேமரா ஒரு கம்பெனியின் உடம்பு, இன்னொரு கம்பெனியின் லென்ஸ், வேற எங்கிருந்தோ வந்த உதிரி பாகங்கள், எல்லாம் அவரே பொருத்தினது. பிரபல படப்பிடிப்பாளர்களான நரேஷ் பேடி, ராஜேஷ் பேடி சகோதரர்கள் அதைப் பார்த்துட்டு, ஒரு மூலையைப் பிடிச்சு நிறுத்த மரப்பட்டைத் துண்டுகூட வச்சிருந்த மாதிரி தெரிஞ்சதுன்னு வேடிக்கையா நினைவுகூர்ந்திருக்காங்க. அந்தக் கூட்டுக் கருவிக்கு அவர் வச்ச பேர்தான் சூப்பர் பாண்டரோசா. பாண்டரோசா என்றால் லத்தீனில் கனமானது. பேருக்கேத்த சுமை.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் ஓடாத மோட்டாரையும் எவனோ விட்டுட்டுப் போன சர்க்யூட் போர்டையும் சேர்த்து ஒட்டி ஓட வச்சவங்களுக்கு இது புரியும். ஒரு கருவியைத் தானே கோர்த்தவனுக்கு அதன் ஒவ்வொரு குறையும் தெரியும். எங்கே வெளிச்சம் கசியும், எந்தத் தூரத்தில் கூர்மை போகும், எல்லாம் கையில் இருக்கும்.

இன்னொரு பக்கம், அந்தக் காலத்து ஃபிலிம். இன்னைக்கு நம்ம போன் இருட்டில்கூட ஐ.எஸ்.ஓ.வை ஏத்திக்கிட்டு எப்படியோ ஒரு படம் கொடுத்திரும். அன்றைய ஃபிலிம்கள் அதுக்கெல்லாம் மெதுவானவை. காட்டு நிழலில் ஒரு யானை நின்னா, அது அசையாம இருக்கணும், நீங்களும் அசையக்கூடாது, பாரமான கேமராவும் நடுங்கக்கூடாது. தானியங்கி ஃபோகஸ் கிடையாது. 120 வகை ஃபிலிம் ரோல்னா, கேமராவைப் பொறுத்து 8 படமோ 12 படமோதான். முடிஞ்சா மாத்தணும். மாத்துற நேரம் வரைக்கும் யானை காத்திருக்காது. படம் சரியா வந்துச்சான்னு தெரிய, ஊர் திரும்பி ஃபிலிமைக் கழுவணும். அந்தப் பனங்காடையைப் பிடிக்க நான் அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை தனியாப் போனேன். 640 ஷாட். தேறினது ஒண்ணு, அதிலும் வால் வெட்டுப்பட்டிருக்கு.

கிருஷ்ணன் யானைகளைத்தான் அதிகம் நேசிச்சார்னு அவர் படங்களைப் பார்த்தால் தோணும். முதுமலையிலும் பெரியாற்றிலும் நடந்தும், வளர்ப்பு யானை மேல் ஏறியும் காட்டு யானைக் கூட்டங்களுக்குப் பக்கத்தில் போய் எடுத்தார். கிட்டத்தட்ட எல்லாமே கறுப்பு வெள்ளை. கலர் ஃபிலிம் வந்து எல்லோரும் அதுக்கு மாறின பிறகும் அவர் மாறல. அந்தப் படங்களில் நான் பார்த்த வரைக்கும் ஒண்ணு சொல்றேன்: பின்னணி மங்கலா கரைஞ்சு போகாது. விலங்கு எந்த மரத்தடியில் நிக்குது, தரையில் என்ன புல், வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு எல்லாம் தெரியும். இன்னைக்குப் போட்டிகளில் பரிசு வாங்குற படத்தில் புலிக் கண்ணின் நரம்பு தெரியும், புலி எந்த நாட்டில் இருக்குன்னு தெரியாது. ரெண்டுமே படம்தான், சண்டைக்கு வராதீங்க. ஆனா ஐம்பது வருஷம் கழிச்சு ஒரு ஆராய்ச்சிக்காரனுக்கு எது உதவும்னு கேட்டா, கிருஷ்ணன் எடுத்ததுதான்.

1968-ல் ஜவஹர்லால் நேரு ஃபெல்லோஷிப் கிடைத்தது. ரெண்டு வருஷம் தென்னிந்தியத் தீபகற்பத்தின் பாலூட்டிகளைப் பத்தின கள ஆய்வு. முறையான விலங்கியல் பட்டம் இல்லாத, எந்த ஆய்வகத்திலும் வேலை பார்க்காத ஒருத்தர் செய்த அந்த வேலையை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் புத்தகமா போட்டது. அதுக்கு முன்னாடி 1961-லேயே ஜங்கிள் அண்ட் பேக்யார்ட் வந்திருந்தது. காட்டையும் வீட்டுக் கொல்லையையும் ஒரே தட்டில் வச்ச புத்தகம். 1985-ல் நைட்ஸ் அண்ட் டேஸ். பத்மஸ்ரீ, இந்தியக் காட்டுயிர் வாரியத்தில் இடம், 1973-ல் தொடங்கின புலிகள் காப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவில் இடம், இதெல்லாம் வந்தது. குழுக்களில் அவர் சுலபமான ஆள் இல்லை. கறார். தப்புன்னா தப்புன்னு முகத்துக்கு நேரே சொல்வார்.

அவர் விடாமப் பிடிச்ச ஒரு சண்டையைப் பத்தி மட்டும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அது நம்ம வாசல் வரைக்கும் வருது. ஒரு நாட்டை நேசிக்கிறதுன்னா அதன் மண்ணுக்குரிய செடி, மரம், விலங்கையும் சேர்த்துத்தான் நேசிக்கணும்னு அவர் நினைச்சார். சூழலியல் தேசப்பற்றுன்னு தமிழில் சொல்லலாம். அதனால அழகுக்கும் அவசரத்துக்கும்னு வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து ரோட்டோரமும் காட்டுக்குள்ளும் நடுறதைக் கடுமையா எதிர்த்தார். நம்ம காலேஜ்களில் மே மாசம் செக்கச்செவேல்னு பூக்குதே குல்மோஹர், அதன் சொந்த ஊர் மடகாஸ்கர்.

இப்போ ஜன்னலுக்கு வெளியே பாருங்க. அருப்புக்கோட்டையில் இருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கண்ணுக்கு எட்டின வரைக்கும் சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது. கண்மாய்க்குள்ள அது, வாய்க்காலில் அது, தரிசில் அது. உடைமரமும் நாட்டுக்கருவேலமும் நிக்க வேண்டிய இடத்தில் அது. கிருஷ்ணன் பேச்சைக் கேட்டா எல்லாத்தையும் வேரோட பிடுங்கணும். ஆனா எங்க தாத்தா காலத்தில் இருந்து இந்தப் பக்கத்தில் எத்தனையோ குடும்பம் கரிமூட்டம் போட்டுத்தான் சாப்பிடுது. மழை பொய்ச்ச வருஷம் அடுப்புக்கு விறகு கொடுத்தது அந்த மரம்தான். நாங்க அன்னைக்குக் கேட்ட கௌதாரியும் அந்தப் புதருக்குள்ள இருந்துதான் கத்தினது. இதை அவரிடம் சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பாரோ. நான் அவரோட முழுசா ஒத்துப்போகல, ஆனா அவரைப் படிச்ச பிறகு அந்த மரத்தைப் பார்க்கிற பார்வை மாறிப்போச்சு. அதுக்குக் கீழே வேற ஒரு செடியும் இல்லாததை இப்போதான் கவனிக்கிறேன்.

கடைசி வரைக்கும் பத்தியை நிறுத்தல. 46 வருஷம். ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு கணக்குப் போட்டா ஆயிரத்தைத் தாண்டும். நடுவில் தமிழில் ஒரு துப்பறியும் நாவல்கூட எழுதினார், கதிரேசன் செட்டியாரின் காதல். அது வெளிவந்தது 1996-ல். அதே வருஷம் பிப்ரவரி 18, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் 83-ஆவது வயசில் கிருஷ்ணன் காலமானார். அன்னைக்கும் ஸ்டேட்ஸ்மனில் அவருடைய பத்தி வந்திருந்தது.

அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து மழைக்காலமும் குயிலோசையும் என்ற பேரில் புத்தகமா வந்திருக்கு. என்கிட்ட ஒரு பிரதி இருக்கு, ஹாஸ்டலில் கேட்டால் தர்றேன், ஆனா திருப்பிக் கொடுக்கணும். முதுமலைக்குப் போகலாம்னு சொன்ன நண்பன்தான் இப்போ அதை வச்சிருக்கான். வர்ற ஞாயித்துக்கிழமை காலை அஞ்சு மணிக்குத் திருச்சுழி ரோட்டில் அதே கண்மாய்க் கரைக்குப் போறோம். கேமரா இல்லாட்டியும் வரலாம். நோட்டும் பென்சிலும் எடுத்துட்டு வாங்க. தண்ணி பாட்டில் மறக்காதீங்க, எட்டு மணிக்கே வெயில் ஏறிடும்.